மூன்றிலிருந்து இரண்டுக்கு

மதுமதி தனக்கென்று ஒரு வண்டி வாங்கி, அதன் பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டில் போடப் போகிறாள் என்று தெரிந்தபோது தி. நகரில் அவள் குடியிருந்த அடுக்ககத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தேழு வயது. நந்தனத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டு வருஷத்தில் முறிந்து, அதற்குப் பிறகு அம்மாவோடு இருந்தாள். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் அவள் ஆபீஸுக்கும் மருந்துக் கடைக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. அம்மா போன பிறகு, ஊர் ஊராகப் போய்த் தூங்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. லாட்ஜில் தனியாக ரூம் கேட்டால் ரிசப்ஷனில் பார்க்கிற பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் வண்டி.

சிரிக்காதவர்கள் கீழ் வீட்டில் இருந்த ஷரஃபுதீனும் அவர் மனைவி ஜைதூன் பீயும்தான். ஷரஃபுதீன் மயிலாப்பூரில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். கொரோனா அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். கட்டில் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று பகலும் ராத்திரியும் உறுமிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாய். அந்தக் குழாயோடுதான் அவர் மதுமதியின் வண்டிக்கு மெத்தை வெட்டிக் கொடுத்தார். சக்கரத்தின் மேல் மேடு வருகிற இடத்தில் ஃபோமைச் சரித்து அறுத்து, உறையை ஜைதூன் பீ தைத்தார்.

"பாய், மூச்சு வாங்குது உங்களுக்கு. விடுங்க, நான் கடைல குடுத்துக்கறேன்" என்றாள் மதுமதி.

"கடைல குடுத்தா நாலு மூலையும் நேரா வெட்டுவான். நீ மேட்டு மேல படுத்து உருளுவே" என்றார் அவர். சொல்லிவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

பேட்டரிக்காக அவள் கே.கே. நகரில் கரீமுல்லா என்பவர் கடைக்குப் போனாள்.

"வண்டிக்கா? வண்டிக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு கீதே மேடம்" என்றார் அவர்.

"அது ஸ்டார்ட் பண்றதுக்கு. நான் கேக்கறது உள்ள ஃபேன், லைட்டு, சின்ன ஃப்ரிட்ஜ் ஓடறதுக்கு. வண்டி நிக்கும்போது."

"ஓ, உள்ள குடித்தனமே பண்ணப்போறியா?" கரீமுல்லாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப ஸ்டார்ட்டிங் பேட்டரி வேலைக்காவாது. அது ஒரே தம்முல தள்றதுக்கு. மெல்ல மெல்ல உறிஞ்சினே இருந்தா நாலு மாசத்துல செத்துடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வெக்கறாங்களே டியூபுலர், அது நல்லா உழைக்கும். ஆனா சார்ஜ் ஏறசொல்லோ வாயு வரும். மூடின வண்டில அதும் மேலயே படுத்துனு தூங்குவியா? வாணாம். லித்தியம் போட்டுக்கோ. ஃபோன்ல கீறது இல்ல, இது இரும்பு பாஸ்பேட், லேசுல தீ புடிக்காது. கனம் கம்மி. முக்கால்வாசிக்கு மேல இறக்கலாம், ஒண்ணும் ஆவாது. ஒரே ஒரு குறை. கடைசி வரைக்கும் ஒரே மாரி ஓடும், அப்பால சொல்லாம கொள்ளாம கட்டாயிடும்."

"ஒண்ணு போதுமா?"

"ரெண்டு போடு. ஒண்ணுன்னா பயந்துனே இருக்கணும்."

அவள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் அளந்து பார்த்தாள். இரண்டு பேட்டரி வைக்கலாம். அல்லது ஒரு பேட்டரியும், மூடி போட்ட சின்ன கழிப்பறைப் பெட்டி ஒன்றும் வைக்கலாம். தனியாகப் போகிற பெண். நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க்குகளின் கழிப்பறைகள் அவளுக்குத் தெரியும். கழிப்பறைப் பெட்டிக்குத்தான் இடம் கொடுத்தாள். எஞ்சின் ஓடும்போது உள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவியிலும் சின்னதையே வாங்கினாள். பெரியதைப் போட்டால் வண்டியின் டைனமோவுக்குச் சுமை என்று மெக்கானிக் சொன்னான். கூரையில் ஒரு சோலார் தகடு, வீட்டுப் பிளக் குத்துவதற்கு ஓர் இன்வெர்ட்டர். இவ்வளவுதான்.

அந்த வருஷம் அவள் நிறைய ஊர்களில் தூங்கினாள். பழவேற்காட்டில், ஏலகிரியில், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பஞ்சாயத்து அலுவலக வாசலில். பேட்டரியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று பழகிக்கொண்டாள். ஃபோனில் ஒரு செயலி, எத்தனை சதவீதம் மிச்சம், இப்போது எவ்வளவு வாட் போகிறது என்று காட்டும். தூங்கும் முன் ஃப்ரிட்ஜை அணைப்பாள். இருபதுக்குக் கீழே விடமாட்டாள். காலையில் வெயில் ஏற ஏற அந்த எண்ணும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது அவளுக்கு அலாதி சந்தோஷம். ஆபீஸில் யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். ஜைதூன் பீயிடம் மட்டும் சொல்வாள்.

2023 டிசம்பரில் புயல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. மழை ஒரே சீராகக் கொட்டியது. மதுமதி வண்டியிலிருந்து ஒரு நீள வயரை இழுத்துப் படிக்கட்டு முகப்பில் பிளக் பெட்டி வைத்தாள். எல்லோரும் ஃபோனைக் கொண்டுவந்து குத்தினார்கள். யாரோ லேப்டாப் கொண்டுவந்தார்கள். அடுக்ககச் சங்கச் செயலாளர் முத்துகிருஷ்ணன் மின்சாரக் கெட்டிலைக் கொண்டுவந்து அத்தனை பேருக்கும் டீ போட்டார். பிறகு இன்னொரு முறை போட்டார். கெட்டில் எவ்வளவு இழுக்கும் என்று மதுமதிக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தவர்கள் எல்லாம் தன் வயரைச் சுற்றி நின்று டீ குடிக்கிறார்கள். அவளால் போதும் என்று சொல்ல முடியவில்லை.

"மேடம், உங்க வண்டியாலதான் இன்னிக்கு பில்டிங்கே உயிரோட இருக்கு" என்றார் முத்துகிருஷ்ணன்.

கீழ் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஷரஃபுதீனின் மெஷின் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

விடிந்தபோது கீழ் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்திருந்தது. முழங்கால் வரை ஏறி, மூலையில் இருந்த இன்வெர்ட்டரை மூழ்கடித்து, அது சத்தமில்லாமல் நின்றது. ஜைதூன் பீ மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "மது! மதும்மா! மெஷின் நின்னுபோச்சு!"

கையிருப்பாக ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதைத் திறந்து குழாயை மாட்டினார்கள். ஷரஃபுதீனை நாற்காலியோடு தூக்கி முதல் மாடிக்குக் கொண்டுபோனார்கள், மெஷினையும். முத்துகிருஷ்ணன் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடிய இன்வெர்ட்டர். கொஞ்ச நேரத்தில் கீச்சிட்டு அணைந்தது. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். சிலிண்டரும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் எண்ணுக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அந்தப் பக்கத்துப் பெண் முகவரியைக் கேட்டுவிட்டு, "அந்தத் தெருவுக்கு வண்டி வராது சார், மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவர முடியுமா?" என்றாள்.

வண்டி கேட் பக்கத்து மேட்டில் நின்றதால் தப்பியிருந்தது. மதுமதி ஃபோனில் பேட்டரியைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

"பாயை என் வண்டில ஏத்துங்க" என்றாள். "எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்தா மெஷின் ஓடும். தண்ணி சைலன்சருக்கு வர்றதுக்குள்ள கிளம்பணும்."

மெத்தையில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கினார்கள். மெஷினைக் கட்டில் ஓரத்தில் கயிற்றால் கட்டினார்கள். ஜைதூன் பீ ஈரப் புடவையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஷரஃபுதீன் மெத்தையைத் தடவிப் பார்த்தார். "சரியாத்தான்... வெட்டிருக்கேன்" என்றார்.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி குளம்போல இருந்தது. தரைக்குக் கீழ்த் தளத்தில் இருந்த ஜெனரேட்டர் மூழ்கிவிட்டது. அவர்களே நோயாளிகளை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ரெயின்கோட் போட்ட ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இங்க கரண்ட்டே இல்லம்மா. உங்க வண்டில இருக்கு. இறக்காதீங்க" என்றார். ராயப்பேட்டைப் பக்கம் திரும்பினாள். சாலைக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. திரும்பி வருவதற்குள் வந்த வழியில் தண்ணீர் ஏறிவிட்டது. சக்கரத்தின் பாதிக்குமேல் தண்ணீர். எஞ்சின் ஒருமுறை இருமியது. வேறு வழியில்லாமல் ஜி.என். செட்டி சாலை மேம்பாலத்தில் ஏற்றினாள்.

பாலத்தின் மேல் ஏற்கெனவே கார்கள் வரிசையாக நின்றன. வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவந்து விட்டுப் போனவை. சிலதில் ஆட்களும் இருந்தார்கள். அவள் உச்சியில் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சின் புகை உள்ளே வராதபடி, காற்று அடித்த பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினாள். இரண்டு பக்கச் சரிவும் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தன.

எஞ்சின் ஓடியது. மெஷின் உறுமியது. மதுமதி ஃபோனையே பார்த்தாள். சின்ன சார்ஜர் உள்ளே தள்ளுவதைவிட மெஷின் அதிகமாகக் குடித்தது. எண் ஏறவில்லை. மெல்ல இறங்கியது. பெட்ரோல் முள்ளும் கால் டேங்குக்குக் கீழே இருந்தது. ஃப்ரிட்ஜை அணைத்தாள். உள் விளக்கை அணைத்தாள். சோலாரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வானம் பகலிலேயே இருண்டு கிடந்தது.

ஓர் ஆள் கண்ணாடியைத் தட்டினான். "அக்கா, உள்ள கரண்ட் கீதா? ஒரு பத்து நிமிஷம் ஃபோன் போட்டுக்கறேன். வூட்ல தேடுவாங்க."

"முடியாதுப்பா. உள்ள பேஷண்ட் இருக்காரு."

"ஒரு ஃபோனுதானேக்கா."

"முடியாதுன்னா முடியாது."

அவன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் யார் தட்டினாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கெட்டிலில் கொதித்த தண்ணீர் அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மெஷினின் முகப்பில் ஒரு திருகு உண்டு. எவ்வளவு ஆக்சிஜன் போக வேண்டும் என்று வைப்பது. டாக்டர் மூன்றில் வைக்கச் சொல்லியிருந்தார். ஷரஃபுதீனின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப் மாட்டியிருந்தது. அது தொண்ணூற்றொன்று காட்டியது. அவர் கண்ணை மூடியிருந்தார். மதுமதி முன் இருக்கையிலிருந்து எழுந்து பின்பக்கம் வந்தாள். கேஸ் அடுப்பைக் குறைத்தால் கேஸ் மிச்சமாகும். ஃபேனைக் குறைத்தால் கரண்ட் மிச்சமாகும். அவள் வாழ்நாள் முழுக்கக் கண்ட உண்மை அது. தொண்ணூற்றொன்று இருக்கிறதே, கொஞ்சம் குறைத்தால் என்ன என்று நினைத்தாள். திருகை மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பினாள். யாரிடமும் கேட்கவில்லை.

திருகை விட்டபோது ஷரஃபுதீன் கண்ணைத் திறந்திருந்தார். அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் இறங்கி, பாலத்தின் இரண்டு முனைக்கும் நடந்து போய்ப் பார்த்தாள். போலீஸ் ஜீப்போ படகோ வருகிறதா என்று. மேற்குச் சரிவில் இரண்டு மாநகராட்சி ஊழியர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். "சொல்லிக்கீறோம் மேடம். லாரி வரும். எப்போன்னு தெர்யல" என்றார்கள். அவர்களிடம் கெஞ்சினாள், கத்தினாள், வயர்லெஸ்ஸில் மறுபடி பேச வைத்தாள். திரும்பி வந்து வண்டியில் ஏறியபோது கிளிப் எண்பத்தைந்து காட்டியது. ஜைதூன் பீ அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மதுமதி ஃபோனை எடுத்தாள். எவ்வளவு மிச்சமாயிற்று என்று பார்க்க. மெஷின் இழுக்கும் வாட் எண்ணைப் பார்த்தாள். காலையில் அவள் பார்த்த அதே எண். ஒன்றோ இரண்டோ குறையக்கூட இல்லை. அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. உள்ளே இருக்கிற கம்ப்ரஸர் எப்போதும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. மூன்றில் வைத்தாலும் இரண்டில் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். குறைந்தது பாயின் மூக்குக்குப் போன காற்று மட்டும்.

பாய்ந்து போய்த் திருகை மூன்றுக்கு வைத்தாள். பிறகு நான்குக்கு. கிளிப்பில் எண் எண்பத்தேழுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மறுபடி இறங்கியது.

மழை விட்ட மாதிரி இருந்தது. ஷரஃபுதீன் ஜைதூன் பீயிடம் ஏதோ உருதுவில் சொன்னார். ஜைதூன் பீ குனிந்து கேட்டு, தலையை ஆட்டினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் உதட்டை நனைத்தார். சற்றுக் கழித்து மெல்லிய குரலில் ஓத ஆரம்பித்தார். மதுமதி கண்ணாடியில் அதைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஓதுவது நின்றது. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

"மது" என்றார் ஜைதூன் பீ. "அதை அணைச்சுடு."

அணைத்தாள். எஞ்சினையும் அணைத்தாள். பேட்டரியில் இன்னும் பதினேழு இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் மாநகராட்சி லாரி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பார்த்துவிட்டு, பழைய ஸ்கேன்களைப் பற்றிக் கேட்டார். "இந்த நுரையீரலோட இவ்வளவு நாள் இருந்ததே பெருசும்மா" என்றார். இறந்தவர்களின் வீட்டாரிடம் தினமும் சொல்லிப் பழகிய குரல். அது உண்மையாக இருக்கலாம். மதுமதிக்கு அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மகள் ரூபீனா ஆம்பூரிலிருந்து தண்ணீர் வடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வந்தவள் மதுமதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அப்பாவை நீங்க தனியா விடல ஆன்ட்டி" என்று அழுதாள். மதுமதி கைகளை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றாள்.

பொங்கலுக்கு அடுக்ககத்தில் விழா வைத்தார்கள். முத்துகிருஷ்ணன் மைக் பிடித்து, வெள்ளத்தில் தன் வண்டியை எமர்ஜென்சி வார்டாக மாற்றிய வீரப் பெண்மணி என்று பேசினார். அன்று ராத்திரி அத்தனை வீட்டு ஃபோனும் உயிரோடு இருந்தது அவரால்தான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டுச் சால்வையை அவர் விரித்தபோது மதுமதி எழுந்து, "வேணாம் சார்" என்றாள். அடக்கமாகச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். சால்வையைத் தோளில் போட்டுவிட்டார்கள். அதோடு நேராகக் கீழ் வீட்டுக்குப் போனாள்.

ஜைதூன் பீ இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பின் வெளியே வராமல் இருக்கிற நாட்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு காயாமல் இருந்தது. மதுமதி கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஜைதூன்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் மெஷினைக் குறைச்சேன். மூணுலேருந்து ரெண்டுக்கு. பேட்டரி மிச்சமாகும்னு நினைச்சேன். ஆகல. அது அப்படி வேலை செய்யாதாம். சும்மாவே குறைச்சு வெச்சிருந்தேன், நான் கீழ இறங்கிப்போய் திரும்பி வர்ற வரைக்கும்."

"தெரியும்" என்றார் ஜைதூன் பீ. "நீ திருகினதைப் பாத்தேன். அவரும் பாத்தாரு. நீ இறங்கிப் போன பொறவு நான் திரும்ப ஏத்தப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அந்தப் பொண்ணுக்கு கணக்குத் தெரியும், விடு'ன்னாரு."

மதுமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் விட்டுட்டேன்" என்றார் ஜைதூன் பீ. "கிளிப்புல நம்பர் இறங்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். உன்னைச் சொல்லணும்னா என்னையும் சொல்லணும். அதனால நான் யாரையும் சொல்லல. ரூபீனாகிட்டயும் சொல்லல." குரல் மாறியது. "ஆனா மது, நீ இதை எங்கிட்ட வந்து சொல்லிருக்கக் கூடாது. நான் மறந்த மாதிரி இருக்கப் பாத்தேன். இப்ப நீயும் நானும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்தா இதுதான் இருக்கும்."

மன்னிப்புக் கேட்க வந்தவள் அதைக் கேட்காமலே எழுந்தாள். கதவு வரை போனபோது ஜைதூன் பீ, "சால்வை கீழ விழுந்திருச்சு, எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டு போனாள்.

இத்தா முடிந்ததும் ரூபீனா வந்து அம்மாவை ஆம்பூருக்கு அழைத்துப் போனாள். சாமான்களை ஏற்றும்போது மதுமதி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பாத்திரப் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தாள். இருவரும் எந்தப் பெட்டியில் எது என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வண்டி கிளம்பும்போது ஜைதூன் பீ அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதுமதி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டி, "மேடம், வயர் போடறீங்களா?" என்று கேட்பார்கள். பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது கெடவில்லை. லித்தியத்தை நிரப்பியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது, பாதியில் வைத்தால்தான் பழுதாகாது என்று கரீமுல்லா சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை வண்டியை மூடிய தார்ப்பாயை விலக்கி உள்ளே ஏறி, அதைப் பாதிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்குகிறாள். எங்கும் போவதில்லை. வண்டியை விற்றுவிடு என்று ஆபீஸில் சொல்கிறார்கள். வாங்க வந்த ஒரு தம்பதி உள்ளே ஏறி மெத்தையில் உட்கார்ந்து, "எவ்வளவு நல்லா தைச்சிருக்காங்க" என்றபோது, விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆம்பூரிலிருந்து ரம்ஜானுக்கு ஃபோன் வரும். ரூபீனாதான் பேசுவாள். அம்மா தூங்குகிறார் என்பாள், அல்லது தொழுகையில் இருக்கிறார் என்பாள். பின்னாலிருந்து ஜைதூன் பீயின் குரல் பாத்திரச் சத்தத்தோடு கேட்கும். மதுமதி, "சரி, அப்புறமா பேசறேன்னு சொல்லு" என்று சொல்லி வைத்துவிடுவாள்.